ரிலெம் கமிட்டியில் சேர்வது எப்படி? ஆர்3 சோதனையில் பிணைநீர் மூன்று முறையும் மூன்று விதமாக வருவது ஏன்?

சாம்பல்மேடு கேட்டது:

வணக்கம். கட்டுமானப் பொருள் ஆய்வகங்களின் பன்னாட்டுச் சங்கமான ரிலெம் பற்றியும், சிமெண்டுக்குப் பதிலாகச் சேர்க்கும் சாம்பல் போன்ற தூள்கள் எவ்வளவு வினைபுரிகின்றன என்று அளக்க அதன் கமிட்டி ஒன்று செம்மைப்படுத்திய ஆர்3 சோதனை பற்றியும் கேள்விகள் இருக்கின்றன. இரண்டும் பின்னிக் கிடப்பதால் ஒரே இழையில் போடுகிறேன்.

சங்கத்தின் டெக்னிக்கல் கமிட்டி எதிலாவது ஆய்வு மாணவர் ஒருவர் சேர முடியுமா? பேராசிரியர் வழியாகத்தான் போக வேண்டுமா? பல ஆய்வகங்கள் ஒரே பொருளைச் சோதிக்கும் ரவுண்டு ராபினில் இடம் கிடைக்க என்ன தகுதி வேண்டும்?

அடுத்தது சோதனை. பொருள்: குறைந்த கால்சியம் ஃப்ளை ஆஷ். கலவை அமெரிக்க ஸ்டாண்டர்டான ஏஎஸ்டிஎம் சி1897-இல் உள்ளபடியே. வினையின் வெப்பத்தை அளக்கும் கலோரிமீட்டரில் 7 நாள் வெப்பம் ஒரு கிராம் சாம்பலுக்கு 260 ஜூல் வந்தது. பிணைநீர், அதாவது வினையில் பேஸ்டோடு பிணைந்துவிட்ட நீர், மட்டும் ஒரே எண்ணில் நிற்கவில்லை. ஒரே கலவையிலிருந்து எடுத்த மூன்று மாதிரிகளில், 100 கிராம் உலர்ந்த பேஸ்டுக்கு 4.1, 5.9, 7.2 கிராம். சராசரி 5.73 என்று எழுதி அனுப்பிவிடலாமா?

---

சுண்ணாம்புக்கல் பதில்:

அனுப்பாதீர்கள். அந்த மூன்று எண்களின் திட்ட விலக்கம் 1.56. சராசரியில் அது 27 சதவீதம். ஒரே கலவை, ஒரே அடுப்பு, ஒரே ஆள் என்று இருக்கும்போது இவ்வளவு பரவினால் அதைப் பொருளின் குணம் என்று சொல்ல முடியாது. செய்முறையில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

முதலில் கலவையைச் சரிபார்ப்போம். சாம்பல் 10 கிராம், கால்சியம் ஹைட்ராக்சைடு 30, கால்சியம் கார்பனேட் 5, பொட்டாசியம் கரைசல் 54. கரைசல் என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் 4 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் 20 கிராம் பொட்டாசியம் சல்ஃபேட்டும். எல்லாவற்றையும் முந்தின நாளே 40 டிகிரியில் வைத்துச் சூடேற்றி, நிமிடத்துக்கு 1600 சுற்றில் 2 நிமிடம் கலக்க வேண்டும். மொத்தமே 99 கிராம்தான். இதை மார்ட்டர் மிக்சரில் போட்டால் பாதி சுவரில் ஒட்டிக்கொள்ளும். சின்ன பீக்கரும் துடுப்பு ஸ்டிரரும்தான் சரி. பிறகு காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து 40 டிகிரியில் 7 நாள். அதன்பின் 2 மில்லிமீட்டருக்குக் கீழே உடைத்து, 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி, 350 டிகிரியில் 2 மணி நேரம். 105-க்கும் 350-க்கும் இடையில் இழந்த எடைதான் பிணைநீர்.

இப்போது உங்கள் கலவையில் எது அதிகம் என்று பாருங்கள். திடப்பொருள் 45 கிராமில் 30 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. அது சிதைந்தால் 74 கிராமுக்கு 18 கிராம் நீர் வெளியேறும். 350 டிகிரி என்ற எல்லையை வைத்ததே அது சிதையத் தொடங்குவதற்கு முன்னால் நிறுத்திக்கொள்ளத்தான். ஃபர்னஸ் 400-ஐத் தொட்டால் அந்த எல்லை உடைகிறது. 4.1-க்கும் 7.2-க்கும் வித்தியாசம் 3.1 கிராம் நீர். 3.1-ஐ 74-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்தால் 12.7. அதாவது 100 கிராம் உலர்ந்த பேஸ்டில் சுமார் 13 கிராம் ஹைட்ராக்சைடு சிதைந்திருந்தாலே உங்கள் முழுப் பரவலுக்கும் கணக்குத் தீர்ந்துவிடும். பேஸ்டில் அதைப் போல நாலைந்து மடங்கு இருக்கிறது. ஆகவே என் முதல் சந்தேகம் ஃபர்னஸ் மேல்தான்.

முகப்பில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். அது சென்சார் இருக்கும் மூலையின் வெப்பம். தனியாக ஒரு தெர்மோகப்பிளை எடுத்து முன்வரிசை, நடு, பின்வரிசை மூன்றிலும் மாதிரிக் கிண்ணமான க்ரூசிபிளின் உயரத்தில் வைத்து அளந்து பாருங்கள். சூடேறும் வேகம் அதிகமாக இருந்தால் 350-ஐத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். அந்தப் பத்து நிமிடமே போதும் கெடுப்பதற்கு. மூன்று மாதிரிகளும் எந்த வரிசையில் இருந்தன என்று குறித்து வைத்திருக்கிறீர்களா?

இரண்டாவது சந்தேகம் 105 டிகிரி. "ஒரு இரவு வைத்தேன்" என்பது உலர்ந்ததற்குச் சாட்சி ஆகாது. சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை எடை பார்த்து மாறாமல் இருந்தால்தான் உலர்ந்தது. உலராமல் தங்கிய தண்ணீர் அப்படியே பிணைநீர்க் கணக்கில் ஏறிவிடும். பெரிய கட்டியாகவே விட்ட மாதிரியில் இது அதிகம். நேர்மாறாக, உடைத்த தூளைத் திறந்து வைத்தால் காற்றின் கரியமில வாயுவை ஹைட்ராக்சைடு குடித்துக் கார்பனேட் ஆகும். 350-இல் கார்பனேட் அசையாது. ஆனால் இரண்டு எடைகளுக்கு நடுவில் அந்த மாற்றம் நடந்தால், ஏறும் எடை இழப்பை மறைத்து முடிவைக் குறைத்துக் காட்டும். உடைத்த கையோடு ஓவனுக்குள் போகட்டும்.

ஆறவைப்பது டெசிகேட்டரில், அதாவது ஈரம் உறிஞ்சும் ஜெல் வைத்த மூடிய பாத்திரத்தில். சிலிகா ஜெல் நீலமாக இருக்கிறதா என்று பாருங்கள். இளஞ்சிவப்பாகிப் போன ஜெல்லோடு டெசிகேட்டர் வைத்திருப்பது வெறும் கண்ணாடிப் பாத்திரம் வைத்திருப்பதற்குச் சமம்.

---

தராசுமுள் பதில்:

மேலே உள்ளதில் ஒரு சின்னத் திருத்தம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் பெரும்பாலும் 85 சதவீதத் தூய்மைதான். மீதி பெரும்பாலும் தண்ணீர். லேபிளைப் பாருங்கள். உண்மையான 4 கிராம் வேண்டுமென்றால் 4.71 கிராம் நிறுக்க வேண்டும். ரவுண்டு ராபினில் என்றால் நீங்களாகத் திருத்தாதீர்கள். வழிமுறையில் என்ன சொல்லியிருக்கிறது என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு, எல்லா ஆய்வகமும் எப்படிச் செய்கிறதோ அப்படியே செய்து, தூய்மை எண்ணை அறிக்கையில் எழுதுங்கள்.

கலோரிமீட்டரில் 260 என்பது அந்த வகைச் சாம்பலுக்கு நம்பக்கூடிய எண்தான். ஆனால் அதை உறுதி செய்யாமல் பிணைநீரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. கலோரிமீட்டருக்குள் இறக்கும் குப்பியான ஆம்ப்யூலில் 15 கிராம் பேஸ்ட் போடுகிறீர்கள். அதில் சாம்பல் வெறும் 1.52 கிராம். எந்தப் பிழையும் இந்த 1.52-ஆல் வகுபட்டுத்தான் முடிவில் வந்து உட்காரும்.

பேஸ்லைன், அதாவது வினை எதுவும் இல்லாதபோது கருவி காட்டும் அளவு, 20 மைக்ரோவாட் நகர்ந்தால் என்ன ஆகும்? 7 நாள் என்பது 6,04,800 நொடி. பெருக்கினால் 12 ஜூல். கிராமுக்கு 8 ஜூல் பிழை. பொறுத்துக்கொள்ளலாம். 100 மைக்ரோவாட் நகர்ந்தால் கிராமுக்கு 40 ஜூல். 260-இல் 40 என்பது பொறுக்கத்தக்கது அல்ல. மாதிரிக்கு முன்னும் பின்னும் பேஸ்லைன் எடுத்தே ஆகவேண்டும்.

ஒப்பீட்டுக்காகப் பக்கத்தில் வைக்கும், வினை நடக்காத ரெஃபரன்ஸ் ஆம்ப்யூலின் வெப்பக் கொள்ளளவு மாதிரியோடு பொருந்த வேண்டும். 15 கிராம் பேஸ்டில் 8.2 கிராம் கரைசல், 6.8 கிராம் திடப்பொருள். நீருக்கு 4.18, திடப்பொருளுக்கு ஏறக்குறைய 0.8 என்று எடுத்தால் மொத்தம் டிகிரிக்கு 40 ஜூல். 9.5 கிராம் தண்ணீர் அதற்குச் சமம். பொருந்தாவிட்டால் அறை வெப்பநிலையின் ஏற்ற இறக்கம் வளைவில் அலையாகத் தெரியும். பகலில் ஏசி ஓடி இரவில் அணைத்துவிடும் கட்டடங்களில் இதுதான் வழக்கமான தொல்லை.

எல்லாவற்றையும்விட மோசம் மூடி கசிவது. 40 டிகிரியில் ஒரு மில்லிகிராம் நீர் ஆவியாக 2.4 ஜூல் பிடுங்கும். வாரம் முழுக்க 50 மில்லிகிராம் கசிந்தால் 120 ஜூல். கிராமுக்கு 79 ஜூல் குறைந்துவிடும். வளைவைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அழகாக வழுவழுப்பாக இருக்கும். ஆம்ப்யூலைப் போடும் முன்பும் எடுத்த பின்பும் நிறுப்பது ஒன்றுதான் வழி. இதைச் செய்யாத ஆய்வகங்கள் ஏராளம்.

முதல் 75 நிமிட வெப்பத்தை விட்டுவிட்டுக் கூட்டினீர்களா என்றும் பாருங்கள். ஆம்ப்யூலை உள்ளே இறக்கும்போது வரும் குழப்பம் அதில் இருக்கிறது. கணக்கு அங்கிருந்து 168 மணி வரை.

---

கூட்டக்குறிப்பு பதில்:

சங்கம் பற்றிய கேள்விக்கு யாரும் வரவில்லை, அதனால்.

ரிலெம் 1947-இல் பாரிஸில் தொடங்கியது. பெயரிலேயே ஆய்வகங்களும் வல்லுநர்களும் இருக்கிறார்கள். ஆரம்ப நோக்கமே ஒரு நாட்டு ஆய்வகத்தின் முடிவு இன்னொரு நாட்டில் செல்லுபடியாக வேண்டும் என்பது. இன்றைக்கும் வேலையின் சாரம் அதேதான். 2017-இல் அதன் 71-ஆவது ஆண்டு வாரம் சென்னையில் நடந்தது. ஐஐடி மெட்ராஸின் ரவீந்திர கெட்டு 2018 முதல் 2021 வரை தலைவராக இருந்தார். ஆகவே "அது ஐரோப்பியர் சங்கம், நமக்கு அங்கே என்ன" என்று தயங்க வேண்டியதில்லை.

கமிட்டிகளுக்கு ஒரு எண்ணும் மூன்று எழுத்தும் இருக்கும். ஆர்3 சோதனையைச் செதுக்கியது 267-டிஆர்எம். ஒரு கமிட்டிக்கு ஆயுள் வழக்கமாக 5 ஆண்டு. யாராவது முன்மொழிவு எழுதி, சங்கத்தின் தொழில்நுட்பக் குழு அதை ஏற்றால் தொடங்கும். அறிக்கையும் பரிந்துரையும் வெளியானதும் கலைந்துவிடும். நிரந்தர நாற்காலி கிடையாது. இந்த அமைப்பின் பெரிய பலமே அது என்பேன்.

சேர்வதற்குப் பேராசிரியர் வழிதான் என்று விதி இல்லை. நடைமுறையில் அவர் பெயரையும் நகலில் போடுவது நல்லது, ஏனென்றால் ஆய்வகமும் கருவியும் அவர் பொறுப்பில் இருக்கும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சங்கத்தின் தளத்தில் நடப்புக் கமிட்டிகளின் பட்டியலைப் பாருங்கள், தொடங்கி ஓரிரு ஆண்டே ஆன ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதன் நோக்கக் குறிப்பை முழுதாகப் படியுங்கள், தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் மின்னஞ்சல் எழுதுங்கள். நான்காம் ஆண்டில் போய்ச் சேர்ந்தால் அறிக்கையின் காற்புள்ளி திருத்தும் வேலைதான் மிஞ்சும். உறுப்பினர் சந்தா தனி. மாணவர்களுக்கு என்ன சலுகை என்று தளத்திலேயே பாருங்கள்.

மின்னஞ்சலில் "உங்கள் மதிப்புமிக்க கமிட்டியில் பங்கேற்க ஆவலாக உள்ளேன்" என்ற வகை வாசகம் வேண்டாம். தலைவர் தேடுவது வேறு. ஒரே நேரத்தில் எட்டு மாதிரி ஓட்டும் கலோரிமீட்டர் இருக்கிறது, 40 டிகிரியில் ஓட்ட முடியும், வருகிற ஆறு மாதத்தில் மாதத்துக்கு ஒரு வாரம் ஒதுக்க முடியும், இன்ன வகைச் சாம்பலையும் களிமண்ணையும் அனுப்பித் தர முடியும் என்று எழுதுங்கள். நாலு வரி. கூடவே, கருவி இல்லையென்றால் இல்லை என்றும். பிணைநீர் முறை இருப்பதே கலோரிமீட்டர் வாங்க முடியாத ஆய்வகங்களுக்காகத்தான். அதற்கு ஓவன், ஃபர்னஸ், நல்ல தராசு போதும்.

ஒரு விஷயத்தில் குழப்பம் வேண்டாம். ரிலெம் வெளியிடுவது பரிந்துரை, அது ஸ்டாண்டர்டு அல்ல. ஸ்டாண்டர்டு அமைப்புகள் அதை எடுத்துக்கொண்டால்தான் ஒப்பந்தத்தில் செல்லும். ஆர்3 முறை 2020-இல் சி1897 ஆனது அப்படித்தான். ஸ்டீல் ஃபைபர் கான்கிரீட்டுக்கு 162-டிடிஎஃப் கமிட்டி வகுத்த, நடுவில் 25 மில்லிமீட்டர் வெட்டு வைத்த உத்தரச் சோதனையின் வழியில்தான் ஐரோப்பிய ஈஎன் 14651 வந்தது. இந்தியாவில் அந்தக் கதவு, ஐஎஸ் ஸ்டாண்டர்டுகளை வெளியிடும் பிஐஎஸ் அமைப்பின் சிமெண்ட், கான்கிரீட்டுக்கான சிஈடி 2 குழு.

படிக்கக் காசு வேண்டுமே என்றால், ரிலெம் டெக்னிக்கல் லெட்டர்ஸ் இதழ் படிக்கவும் இலவசம், எழுதவும் இலவசம். பழைய மாநாட்டுத் தொகுப்புகள் பலவும் சங்கத் தளத்திலேயே இறக்கிக்கொள்ளக் கிடைக்கும்.

---

சாம்பல்மேடு பதில்:

நன்றி. தெர்மோகப்பிள் வைத்துப் பார்த்தாயிற்று. முகப்பில் 350. முன்வரிசை 346, நடு 371, பின்வரிசை 404. மாதிரிகள் இருந்த இடமும் அதே வரிசைதான்: 4.1 முன்னால், 5.9 நடுவில், 7.2 பின்னால். சராசரி எடுத்திருந்தால் பொய்யைத்தான் அனுப்பியிருப்பேன்.

இன்னொரு சந்தேகம். இங்கே ஐஎஸ் 1727-இன் லைம் ரியாக்டிவிட்டி சோதனை, அதாவது சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து வார்த்த கட்டியின் வலிமையைப் பார்ப்பது, எல்லா ஆய்வகத்திலும் நடக்கிறது. அதை விட்டுவிட்டு ஆர்3-க்குப் போக என்ன காரணம்?

---

சுண்ணாம்புக்கல் பதில்:

நடுவரிசையிலும் கொஞ்சம் சிதைவு தெரிகிறது பாருங்கள். அந்த ஃபர்னஸில் முன்வரிசையை மட்டும் பயன்படுத்துங்கள், அல்லது நடுவில் ஒரு நேரத்துக்கு ஒரு க்ரூசிபிள் வைத்து, அங்கே 350 வரும்படி முகப்பு எண்ணைக் குறைத்து வையுங்கள். தூய கால்சியம் ஹைட்ராக்சைடைத் தனியாக ஒரு க்ரூசிபிளில் போட்டுக் கூடவே வைப்பது நல்ல தந்திரம். அதன் எடை கிட்டத்தட்ட அசையக் கூடாது. அசைந்தால் அந்தச் சுற்று முழுவதையும் தள்ளிவிடலாம்.

ஐஎஸ் 1727-ஐ விடச் சொல்லவில்லை. 267-டிஆர்எம் தன் முதல் கட்டத்தில் 10 சோதனை முறைகளையும் 11 பொருள்களையும் எடுத்துக்கொண்டது. இரும்பு உலைக் கசடு, ஃப்ளை ஆஷ், இயற்கை பொசலான் (சுண்ணாம்போடு வினைபுரியும் எரிமலைச் சாம்பல் போன்றவை), சுட்ட களிமண் எல்லாம் அதில் இருந்தன. 30 சதவீதம் சிமெண்டுக்குப் பதிலாகப் போட்ட மார்ட்டரின் 28 நாள் வலிமையோடு எது ஒத்துப்போகிறது, வேறு வேறு ஆய்வகங்களில் எது ஒரே மாதிரி வருகிறது என்ற இரண்டு கேள்விகள்தான். இரண்டிலும் நன்றாகத் தேறியது ஆர்3 வகை. ஃப்ராட்டினி, ஷபெல் என்ற மற்ற சோதனை முறைகளில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண் மாறியது. நம்முடைய ஐஎஸ் 1727-உம் அந்தப் பத்தில் ஒன்று. 90 நாள் வலிமையோடு அது நன்றாகவே ஒத்துப்போனது. 1967-இல் எழுதிய முறை ஒன்று அந்தப் பந்தியில் சரிசமமாக உட்கார்ந்தது பெரிய விஷயம்தான்.

அதன் குறை வேறு. 50 மில்லிமீட்டர் கட்டிகளை இரண்டு நாள் 27 டிகிரியிலும், எட்டு நாள் 50 டிகிரியில் ஈரப்பதம் 90-க்குக் குறையாமலும் வைக்க வேண்டும். வலிமை என்பது வேதிவினையோடு மட்டும் வருவதில்லை. தண்ணீரின் அளவு, அமுக்கிய விதம், துகளின் வடிவம் எல்லாம் கலந்து வரும். தண்ணீரை ஃப்ளோ டேபிளில் சரிசெய்வதால் ஒவ்வொரு ஆள் கையிலும் அது மாறும். ஃப்ளை ஆஷுக்கான ஐஎஸ் 3812 கேட்கும், சதுர மில்லிமீட்டருக்கு 4.5 நியூட்டன் என்ற எல்லையை ஒட்டி நிற்கும் சாம்பல் ஓர் ஆய்வகத்தில் தேறி இன்னொன்றில் தோற்பது இதனால்தான். ஆர்3-இல் வலிமை என்ற பேச்சே இல்லை, வினை மட்டும்.

அதனாலேயே ஆர்3 எண்ணை வைத்து "இந்தச் சாம்பல் எம்30 கான்கிரீட்டுக்கு 35 சதவீதம் போடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டுமானத் தளத்தில் அது சொல்லாத விஷயங்கள் நிறைய.

---

தராசுமுள் பதில்:

ஒரு எச்சரிக்கை. 50 டிகிரி, 10 நாள், 0.5 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்று இன்னொரு முறை கட்டுரைகளில் அடிக்கடி வரும். அது ஹைட்ராக்சைடு எவ்வளவு செலவானது என்பதையும் டிஜிஏ (சூடேற்றும்போதே எடை குறைவதை அளக்கும் கருவி) வழியாகச் சேர்த்துப் பார்த்து, பொசலானையும் தானாக இறுகும் கசடையும் பிரித்தறிய உதவுகிறது. நல்ல முறைதான். ஆனால் அதன் ஜூல் எண்ணை 40 டிகிரி, 7 நாள் எண்ணோடு ஒரே வரைபடத்தில் போட்டுவிடுகிறார்கள். கூடாது.

உங்கள் 4.1-ஐ 260 ஜூலோடு ஒப்பிடுவது நியாயமான சோதனை. வெப்பமும் பிணைநீரும் பெரும்பாலும் கைகோத்துத்தான் போகும். அரைத்த குவார்ட்ஸ் ஒன்றையும், மெட்டாகயோலின் ஒன்றையும் சேர்த்து ஓட்டுங்கள்; ஒன்று அடியில் நிற்கும், மற்றது உச்சியில். நடுவில் உங்கள் சாம்பல் எங்கே விழுகிறது என்று கண்ணாலேயே தெரியும்.

---

கூட்டக்குறிப்பு பதில்:

ரவுண்டு ராபின் பற்றிய கேள்வி பாதியில் நிற்கிறது. சேர்த்துக்கொண்டால் வருவது குறியீட்டு எண் மட்டும் எழுதிய தூள் பொட்டலங்கள், வழிமுறைத் தாள், நிரப்ப வேண்டிய எக்செல் படிவம். தூளை அரைக்கக் கூடாது, சலிக்கக் கூடாது, தானாக உலர்த்தவும் கூடாது. பொட்டலத்தைத் திறந்த தேதியை எழுதுங்கள். எடைகளை மூல எண்களாகவே படிவத்தில் போடுங்கள். கணக்கிட்ட சதவீதத்தை மட்டும் கொடுத்தால் பிழை எங்கே என்று யாராலும் பின்னர் தேட முடியாது.

கஸ்டம்ஸில் சாம்பல்நிறத் தூள் மாட்டிக்கொள்வது புதிதல்ல. அனுப்புபவரிடம் முன்கூட்டியே சொல்லி, "ஆய்வகச் சோதனைக்கு, வணிக மதிப்பு இல்லை" என்ற இன்வாய்ஸும் பாதுகாப்புத் தரவுத் தாளும் வெளிப்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடை அதே பெட்டியில் அனுப்பச் சொல்லாதீர்கள். அது அபாயப் பொருள், யுஎன் எண் 1813. பெட்டி முழுக்க நின்றுவிடும். இங்கேயே வாங்குங்கள்.

முடிவுகள் வந்ததும் ஐஎஸ்ஓ 5725 முறையில் அலசுவார்கள். ஆய்வகத்துக்குள் உள்ள சிதறலைக் காக்ரன் சோதனையும், மற்ற ஆய்வகங்களிலிருந்து விலகி நிற்பதைக் கிரப்ஸ் சோதனையும் காட்டிக் கொடுக்கும். உங்கள் ஆய்வகம் விலகி நின்றால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தலைவர் கேட்கும்போது காரணம் சொல்ல முடியவேண்டும், அவ்வளவே. முன்வரிசை 346, பின்வரிசை 404 என்ற உங்கள் அளவு அப்படிப்பட்ட காரணம். வழிமுறைத் தாளில் "ஃபர்னஸின் வெப்பத்தை க்ரூசிபிள் இருக்கும் இடத்தில் தனியாக அளக்கவும்" என்று ஒரு வரி இல்லையென்றால், மின்னஞ்சலின் நாலு வரியோடு அதையும் ஐந்தாவதாக எழுதி அனுப்புங்கள்.

---

சாம்பல்மேடு பதில்:

எழுதுகிறேன். முன்வரிசையில் மட்டும் வைத்து மறுபடி மூன்று மாதிரி ஓட்டியதில் 4.0, 4.2, 4.1. கூடவே வைத்த ஹைட்ராக்சைடு க்ரூசிபிளின் எடையும் அசையவில்லை.